ஒரே கயிற்றில் அண்ணியும் நாத்தனாரும்

1

இந்தக் கதை ஒரு வாக்கி-டாக்கியில் பிறந்தது. தேசியப் பூங்காவில், கோக்முயுஸ் சிகரத்துக்குக் கீழே இருக்கும் மலைக்குடிலுக்கு நான் காவலாள். அன்று பனியாற்றின் மேல் ஒரே கயிற்றில் ஏறிக்கொண்டிருந்த இருவரும் என் வீட்டார்: மனைவி ஜிபார், தங்கை செஸிம். புதுப்பெண்ணாக வந்த ஜிபார் விருந்துக்குப் பொரித்த போர்சோக் மாவுருண்டையைக் கடித்துவிட்டு, "பல்லு போச்சு" என்று சபையில் சொன்னாள் செஸிம். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் சிகரத்தை இருவருமே விடுவதாக இல்லை. வேறு துணையும் கிடைக்கவில்லை.

2

'நீல வானின் கீழ் வெண்பனி மௌனமாக—'

இந்த வரியை அடித்துவிட்டேன். மௌனமாவது! எங்கள் பனியாறு நாள் முழுக்க முறிந்து உறுமும். விஷயத்துக்கு வருகிறேன்: புதுப்பனி மூடிய பிளவில் கால் வைத்த செஸிம் உள்ளே விழுந்தாள்.

ஜிபார் குப்புற விழுந்து பனிக்கோடரியைக் குத்திக் கயிற்றைத் தாங்கினாள். நெஞ்சில் மாட்டியிருந்த வாக்கி-டாக்கியின் பொத்தான் அவள் எடையில் அழுந்திக்கொண்டது. அங்கே பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது. நான் கத்தியது அங்கே போகவில்லை.

3

"ஏய்! உசுரோட இருக்கியா?"

அடியிலிருந்து மெல்லிய குரல்: "இருக்கேன். காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."

"உதறாதடி, என்னையும் சேத்து இழுக்கற."

"கயித்த அறுத்துட மாட்டீங்களே?"

"போர்சோக் நல்லா இருந்துச்சுன்னு சொல்லு, யோசிக்கறேன்."

"நல்லா இல்லியே, அண்ணி!"

[அண்ணி! முதல்முறையாக! இந்த வரியை எழுதியதும் பேனாவைப் போட்டுவிட்டுக் குடிலை ஒரு சுற்று ஓடிவந்தேன்.]

ஜிபார் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பனிக்குள் திருகாணி இறங்கும் சத்தமும் கேட்டது. "கயித்தக் கட்டிட்டேன். கோடரியக் குத்திக் குத்தி ஏறு. விட மாட்டேன்."

பிறகு நெடுநேரம் மூச்சிரைப்பு மட்டும். "கையக் குடு! இன்னொரு கை!" யாரோ விம்மினார்கள். ஜிபார் எழுந்திருக்க வேண்டும், பொத்தான் விடுபட்டது. சத்தம் நின்றது.

4

முதலில் எழுதிய முடிவு: இருவரும் பத்திரமாக இறங்கி வந்தார்கள். வீட்டில் படித்துக் காட்டினேன்.

"யாரு எறங்கினா? வீங்கின முட்டியோட ஏறினேன்னு எழுதுண்ணே!" என்றாள் செஸிம்.

உண்மைதான். அன்று என் தொலைநோக்கியில் இரண்டு புள்ளிகள் மேல்நோக்கி நகர்ந்தன. திட்டினேன், குதித்தேன், அழுதேன். உச்சியில் இரண்டும் ஒட்டி ஒரே புள்ளியாயின.

பிளவின் விளிம்பில் நின்று, மேலே போகலாம் என்றது யார்?

"நான்தான். இவ அழுதுட்டிருந்தா," என்றாள் ஜிபார்.

"பொய்ண்ணே! அழுதது அண்ணிதான். நான்தான் கூப்பிட்டேன்."

நான் இந்த வீட்டில் சாப்பிட வேண்டியவன். 'வா' என்று எழுதினால் சொன்னது ஜிபார், 'வாங்க' என்று எழுதினால் செஸிம். பேனா இதோ, வாசகரே, கடைசிச் சொல்லை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

ஒருத்தி எழுந்து, பனியைத் தட்டிவிட்டு, சிகரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மேல போலாம்,