இரண்டு பொலிசுக்கு நடுவே ஒரு குசினி

உருத்திரமூர்த்தியின் கடைக்கு வாசல் ஒன்று, யன்னல் ஒன்று. வாசல் ரயில் நிலையத்து மண்டபத்துக்குள் திறக்கும். யன்னல் பின்பக்கம், குசினியிலிருந்து நகரச் சதுக்கத்தைப் பார்த்துத் திறக்கும். டோர்ட்மண்டிலிருந்து மூன்று தரிப்பிடம் தள்ளியிருக்கும் அந்தச் சின்ன நகரத்தில், ரயிலுக்கு ஓடுகிறவன் வாசலில் ரோல்ஸ் வாங்குவான், பஸ்ஸுக்கு நிற்கிறவன் யன்னலில் வாங்குவான். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பக்கமும் வலை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கடிதம் தொங்கியது. பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் பூ. கடிதத்தைத் தினமும் துடைப்பார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், குசினி சதுக்கத்து நிலத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது, நிலவாடகை கட்டு என்று நகரசபை எழுதியது. மூர்த்தி எங்கேயோ கிடந்த 1961ஆம் ஆண்டு ரயில்வே வரைபடம் ஒன்றைத் தோண்டி எடுத்து, ஏழு மாதம் மல்லுக்கட்டி, நகரசபையின் வாயாலேயே சொல்லவைத்தார்: யன்னல் வைத்த வெளிச்சுவர் வரைக்கும் முழுக்கடையும் ரயில்வே நிலம், நகரத்துக்கு அதில் உரிமை ஏதும் இல்லை.

"ஜேர்மன்காரனோடை பேரம் பேச ஏலாது எண்டு ஆர் சொன்னது?" என்று கோப்பி குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவார். வாசித்துக் காட்டினால் ஒரு நாள் அது தன்னையே திரும்பிப் பார்க்கும் என்று அவருக்கு யார் சொல்ல?

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கே சதுக்கத்தில் சனம். காரணம் போன வியாழக்கிழமை நடந்தது. வேலைக்குப் போக ரயிலுக்கு நின்ற ஓர் ஆளை மத்திய பொலிஸ், நிலைய மண்டபத்தில் வைத்துப் பிடித்து, அப்படியே விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த நாட்டில் பொலிஸ் இரண்டு சாதி. தண்டவாளமும் எல்லையும் விமான நிலையமும் பெர்லினுடைய மத்திய பொலிசுக்கு. தெருவும் சதுக்கமும் மாநிலத்துப் பொலிசுக்கு. இரண்டுக்கும் சட்டை நீலம்தான், கோபம்தான் வேறு வேறு. பிடிபட்டவனுடைய மனு மாநிலத்தின் இரக்கக் குழுவிடம் இருந்தது. குழு முடிவு சொல்லும் வரைக்கும் அவன்மேல் கை வைப்பதில்லை என்று நகரம் சொல்லியிருந்தது. பெர்லின் அதைத் தாண்டிப் பாய்ந்துவிட்டது. நகரபிதாவே, "எங்கள் ஊருக்குள் எங்கள் முடிவு" என்று பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். இப்போது சதுக்கத்தின் ஒரு பாதியில் அவனுக்காகப் பதாகை பிடித்தவர்கள். மறு பாதியில், எல்லாரையும் அனுப்பு என்று கொடி பிடித்தவர்கள். நடுவே மாநிலப் பொலிஸ், மஞ்சள் நாடா கட்டிக்கொண்டு.

குசினியில் சுபத்ரா ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்துநாலு. இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருஷம், இந்தக் கடையில் ஆறு. அகதி வழக்கு தோற்று, கையில் இருந்தது டுல்டுங் என்கிற கடதாசி. அது இரு என்றும் சொல்லாது, இப்போதைக்குப் போ என்றும் சொல்லாது. அவளுடைய மனுவும் அதே இரக்கக் குழுவிடம்தான். கடதாசி போன வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. புதுப்பிக்கக் கிடைத்த முதல் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், இன்றைக்கு, பதினொன்று இருபதுக்கு. வெளிநாட்டவர் அலுவல் பார்க்கும் கந்தோர் சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், யன்னலால் பார்த்தாலே தெரிகிற சிவப்புக் கல் கட்டிடம்.

"அண்ணை, நாளைக்கு வேலை வேண்டாம், வீட்டிலையிருந்து நேரே போறன்" என்று அவள் முதல் நாளே சொன்னாள்.

"எவ்வளவு சனம் வரப்போகுது தெரியுமோ பிள்ளை? கத்திறவனுக்கும் பசிக்கும், கத்தாதை எண்டிறவனுக்கும் பசிக்கும். இருநூறு ரோல்ஸைப் பொரிச்சுத் தந்திட்டு நடந்து போம். இந்தா கிடக்கு கந்தோர்."

மூர்த்தியின் கணக்கு அது.

பத்தரைக்கு எவ்லின் வந்தாள். மத்திய பொலிஸ். தினமும் சீனி போடாத கோப்பியும் இரண்டு மரக்கறி ரோல்ஸும் வாங்குகிறவள், உறைப்பு காணாது என்று முறைப்பாடு வைக்கும் ஒரே ஜேர்மன் பெண். இன்று அவளோடு இன்னும் இரண்டு பேர். கோப்பி கேட்கவில்லை.

"மண்டபத்தில் எல்லாருடைய பத்திரமும் பார்க்கிறோம், மூர்த்தி. உத்தரவு" என்றாள் ஜேர்மனில். "உள்ளே யார்?"

"எண்ணெய்ச் சட்டி."

குசினிக்குள் யாரோ இருமினார்கள்.

"உன் சட்டிக்கு இருமலா?"

மூர்த்தியின் வாய் பழக்கத்தில் ஓடியது. "எவ்லின், குசினிக்குள் தலைமயிரை மூடத் தலைவலை போடாமல் யாரும் போகக்கூடாது. சுகாதாரச் சட்டம். உன் நாட்டுச் சட்டம், என்னுடையதில்லை."

அந்த நாட்டில் துவக்குக்கு வழி விடாதவர்களும் விதிக்கு வழி விடுவார்கள். எவ்லின் பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினாள். மூர்த்தி தலைவலை தேடப் போனார். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேடினார். தேடிக்கொண்டே குசினிக்குள் நுழைந்தார்.

சுபத்ரா அடுப்பை அணைத்துவிட்டு, தன் வழக்குக் கோப்பைக் கடைப் பையில் வைத்து நெஞ்சோடு பிடித்திருந்தாள். முகம் மாக்கலவை மாதிரி வெளிறியிருந்தது.

"இருநூறும் பொரிச்சாச்சு அண்ணை" என்றாள். "சந்தோசமோ?"

அவருக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை.

யன்னலுக்கு வெளியே பென்ஜமின் நின்றான். மாநிலப் பொலிஸ், நாடாவுக்குக் காவல், ஒரு கையில் ரோல்ஸ். மூர்த்தி தலையை வெளியே நீட்டினார்.

"பென்ஜமின், நீ நிற்கிற இடத்தில் ஒருவர் நின்றால் அவர் யாருடைய பொறுப்பு?"

"என்னுடைய."

"இரக்கக் குழுவில் மனு இருந்தால்?"

"தொடமாட்டோம். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறது."

"நான் நிற்கிற இடத்தில் நின்றால்?"

பென்ஜமின் சுவரைத் தட்டிக் காட்டினான். "இதற்கு உள்ளே எல்லாம் அவர்களுடையது. நீதானே எனக்கு மூன்று தரம் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினாய்?"

பத்து நாற்பத்தெட்டு. இனித் தேடினால் எவ்லின் சிரிக்கமாட்டாள். மூர்த்தி தலைவலையைக் கொடுத்தார். அவள் தொப்பியைக் கழற்றி அதை மாட்டிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள். வேறு நாளென்றால் மூர்த்தி ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லிச் சிரித்திருப்பார்.

சுபத்ரா கேட்குமுன்னே கடதாசியை நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது" என்றாள் எவ்லின்.

"டெர்மின் இன்றைக்கு. பதினொன்று இருபது." சுபத்ராவின் ஜேர்மன் சுத்தமாக இருந்தது.

"எங்கள் காவலறைக்கு வாருங்கள். தொலைபேசியில் விசாரித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும்."

"போன வியாழக்கிழமையும் ஒரு மணி நேரம் என்றுதான் சொன்னீர்கள்" என்றாள் சுபத்ரா.

டெர்மின் தவறினால் அடுத்தது ஆறு கிழமைக்குப் பிறகு. ஆறு கிழமை செல்லாத கடதாசியோடு ஒருத்தி எங்கே நிற்பாள், யாருடைய நிலத்தில் நிற்பாள்?

"இது உங்கள் நிலம் இல்லை" என்றார் மூர்த்தி.

எவ்லின் திரும்பி, கடைக்குள் தொங்கிய சட்டத்தைக் காட்டினாள். "ஒன்பது வருஷமாக நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் கோப்பி குடிக்கிறேன்."

"அது பிழை."

"என்ன?"

"பிழை. நான்தான் பிழையாக்கினேன்."

கடைக்கும் குசினிக்கும் நடுவே நான்கு அரிசி மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. அந்த இடத்தில் மூட்டை குறைந்ததை யாரும் கண்டதில்லை. விற்கிற அரிசி வேறு, கிடக்கிற அரிசி வேறு. மூர்த்தி குனிந்து முதல் மூட்டையைப் பிடித்து இழுத்தார். ஐம்பத்தெட்டு வயது இடுப்பு கத்தியது. சுபத்ரா பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள். நாலாவது மூட்டை அகன்றபோது நிலத்தில் ஒரு கருங்கல் வரிசை தெரிந்தது. தேய்ந்த, ஒரு சாண் அகலக் கல். வெளியே சதுக்கத்தைச் சுற்றி ஓடுகிற அதே விளிம்புக்கல்.

"சதுக்கம் இந்தக் கல்லில் தொடங்குகிறது. பழைய கடைக்காரன் இதற்கு மேலால் சுவரைத் தள்ளிக் கட்டினான். வரைபடம் அதற்கு முந்தியது, அதில் இருக்கிற வெளிச்சுவர் பழைய சுவர். எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூட்டையை அடுக்கினேன்."

எவ்லின் கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இதைச் சொன்னால் நகரசபை உன்னை என்ன செய்யும் தெரியுமா? ஒன்பது வருஷம், மூர்த்தி."

"தெரியும். எழுதித் தரட்டுமா?"

அவள் மேலிடத்துக்கு அழைத்தாள். மேலிடம் ஏதோ ஆலோசனைக் கூட்டத்தில் இருந்தது. ஆனால் யாரோ ஒருவர் எழுத்தில் வேண்டும் என்று சொன்னது தொலைபேசிக்கு வெளியே கேட்டது. யன்னலால் பென்ஜமின் கையை நீட்டினான். "நகரத்தின் பெயரில் நான் வாங்கிக்கொள்கிறேன். கெதியாக."

கடதாசி தேட நேரமில்லை. மூர்த்தி சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியைத் தள்ளி, அந்தக் கடிதத்தையே எடுத்து அதன் முதுகில் எழுதினார்: குசினி நகரத்தின் நிலம். தெரிந்தே மறைத்தேன். கையெழுத்து வைத்து யன்னலால் பென்ஜமினிடம் நீட்டினார்.

பதினொன்று எட்டு.

எவ்லின் ஓர் அடி பின்னால் போய்க் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள். "மேலிடம் திரும்ப அழைக்கும் வரை நான் இங்கே நிற்பேன். ஆனால் அவள் இந்த வாசலால் மண்டபத்துக்கு வந்தால் என் வேலையைச் செய்வேன். விளங்கியதா?"

விளங்கியது. கடைக்கு வாசல் ஒன்றுதான். மிச்சமிருந்தது யன்னல்.

"ஏறும் பிள்ளை."

"அண்ணை, இதுக்குள்ளாலையோ?"

"வேறை வழி இல்லை. ஏறும்!"

யன்னல் பலகையில் ரோல்ஸ் தட்டுகள் அடுக்கியிருந்தன. மூர்த்தி ஒரே கையால் எல்லாவற்றையும் நிலத்தில் தள்ளினார். பொரித்த அத்தனையும் உருண்டன. சுபத்ரா ஸ்டூலில் கால் வைத்துப் பலகையில் ஏறிக் குனிந்தாள். பையின் பிடி யன்னல் கொளுக்கியில் மாட்டிக்கொண்டது. ஒரு கணம் அவள் பாதி பெர்லினுக்கும் பாதி நகரத்துக்கும் நடுவே தொங்கினாள். மூர்த்தி கத்தரிக்கோலால் பிடியை வெட்டிவிட்டார். பென்ஜமின் கை கொடுத்தான். அவள் சதுக்கத்தில் இறங்கியதும் பதாகைக்காரர்கள் கைதட்டினார்கள். அதைக் கேட்டுக் கொடிக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். கைதட்டாமல் இருந்திருக்கலாம் என்று மூர்த்தி நினைத்தார். ஒரு போத்தல் பறந்து எங்கேயோ உடைந்தது. நாடா அறுந்தது. நீலச் சட்டைகள் ஓடின. அவளுடைய தலை கூட்டத்துக்குள் ஒரு தரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

பதினொன்று பதினேழு.

பதினொன்று இருபத்துநாலுக்கு எவ்லினின் தொலைபேசி அடித்தது. கேட்டாள். "அவள் இங்கே இல்லை" என்றாள். வைத்துவிட்டுத் தலைவலையைக் கழற்றிக் கல்லாவில் வைத்தாள். "அந்தக் கல்லை நான் பார்த்திருக்கக் கூடாது" என்றாள், யாருக்கும் சொல்லாதது மாதிரி. பிறகு தன் ஆட்களோடு மண்டபத்துக்குப் போனாள். அந்தக் கடைசி வசனம் நல்லதா கெட்டதா என்று பிரித்துப் பார்க்க மூர்த்திக்குத் தெம்பு இல்லை.

அவர் நிலத்தில் இருந்து ரோல்ஸ் பொறுக்கினார். பொறுக்கியதைக் குப்பையில் போட்டார். யன்னலைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. பன்னிரண்டு. சதுக்கம் வடிந்துகொண்டிருந்தது. சிவப்புக் கட்டிடத்தின் கதவு திறந்து ஒரு கிழவர் வந்தார், பிறகு பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு ஒருத்தி. பன்னிரண்டு இருபது. உள்ளே வைத்தே பிடித்திருந்தால்?

பன்னிரண்டரைக்கு யன்னலுக்கு வெளியே சுபத்ரா நின்றாள். முன்கையில் ஒரு கீறல். கையில் பச்சைக் கடதாசி.

"மூண்டு மாசம்" என்றாள்.

"மூண்டோ? ஆறு கேட்டிருக்கலாமே?"

"நீங்கள் வந்து கேட்டிருக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் யன்னல் பலகையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அண்ணை, நாளைக்கு நான் எந்தப் பக்கத்தாலை வாறது?"

மூர்த்தி திரும்பி வாசலைப் பார்த்தார். மண்டபத்தில் எவ்லினுடைய ஆட்கள் இன்னும் நின்றார்கள். இப்போது கடதாசி செல்லும், பயமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். வியாழக்கிழமை பிடிபட்டவன் வைத்திருந்ததும் செல்லுகிற கடதாசிதான் என்பது நினைவுக்கு வந்தது.

கல்லாவுக்கு மேலே வெறும் சட்டம் தொங்கியது. அவர் தொலைபேசியை எடுத்து இளங்கீரனை அழைத்தார். இளங்கீரன் தச்சன். இருபது வருஷமாக மூர்த்தியோடு விலைக்குச் சண்டை பிடிக்கிறவன்.

"தம்பி, குசினி யன்னலை வெட்டி வாசலாக்க வேணும். எவ்வளவு?"

இளங்கீரன் ஒரு தொகை சொன்னான். அதில் பாதி பேரம் பேசுவதற்காகவே கூட்டிச் சொன்னது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஓம். சரி. இண்டைக்கே வாரும்."

மறுமுனையில் வாள் அறுக்கிற சத்தம் நின்றது.

"அண்ணை" என்றான் இளங்கீரன், குரலைத் தாழ்த்தி. "அங்கை என்ன நடந்தது?"