பிரேக் என்று கத்தியவரும் பிரேக் போட்டவரும்

1.

இந்தக் கதை ஒரு சத்தத்தில் பிறந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் நாற்சந்தியில் 'டமார்' என்று கேட்டது. ஜன்னலுக்கு ஓடினேன். ஒரு சின்ன வேன், ஒரு கார், சாலை முழுக்க க்ரீம். வேனிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினார். காரிலிருந்து இறங்கியவர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. (இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் கோழை. என் கதையில் யாருக்கும் சுண்டுவிரல்கூடச் சுளுக்காது.) சண்டை களைகட்டப் போகிறது என்று பார்த்தால், அந்த அம்மாள், "மாஸ்டர், நீங்களா?" என்றார்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் தொடக்கம்: "கதிரவன் தன் பொற்கிரணங்களை நாற்சந்தியின் மீது..."

வேண்டாம். கிரணங்களைப் பார்த்ததுமே நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

இரண்டாவது: "வேகம் என்பது நம் காலத்தைப் பிடித்தாட்டும்..."

இதுவும் வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கும் வாக்கியம்.

மூன்றாவது: "கேக் அக்காவுக்கு அன்று கண் முழுக்கப் பக்கத்து இருக்கையில்தான் இருந்தது."

இது ஓடுகிறது. ஓட்டுவோம்.

3.

கேக் அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். தலை நரைத்த பிறகு கார் ஓட்டப் பழகினார். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா?" என்று மகன் கேட்டதால்தான் பழகினார் என்றும் சொல்லலாம். தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முறை தேறினார். மகன் தன் பழைய வேனைக் கொடுத்தான், ஒரு நிபந்தனையோடு: "உன் தப்பால ஒரு கீறல் விழுந்துச்சுன்னாலும் சாவி என்கிட்ட வந்துடணும்."

அதுவரை எங்கே போவதென்றாலும் அவனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தச் சாவி வந்த பிறகு கேக் அக்கா யாரிடமும் எதையும் கேட்கவில்லை. நினைத்த நேரத்தில் புறப்பட்டார். சில நாள் கேக்கே இல்லாமலும் புறப்பட்டார். சந்தோஷமாக இருந்தது.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. திருப்பம் வந்தால் அழகாக வேகத்தைக் குறைப்பார். பக்கத்து இருக்கையில் இருக்கும் கேக் சாய்கிறதா என்று பார்ப்பார். சாயவில்லை என்றால் திருப்பிவிடுவார். சாலை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

4.

மாஸ்டர் யார் என்றால், கேக் அக்காவுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில், பழகுபவருக்குப் பக்கத்து இருக்கைதான் அவர் பிழைப்பு. அங்கே அவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. ஆனால் முதலில் அவர் வாய்தான் வேலை செய்யும். "பிரேக்" என்பார். பழகுபவரின் கால் கேட்கவில்லை என்றால்தான் அவர் கால் எழும்.

நாள் முழுக்க ஊர்ந்தே போகும் மனிதர், சாப்பாட்டு நேரத்தில் சொந்தக் காரில் ஏறிவிட்டால் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி. அன்றும் அப்படித்தான் நாற்சந்திக்குப் பாய்ந்து வந்தார். குறுக்கே ஒரு வேன் மூக்கை நீட்டியது. வேறு யாராக இருந்தாலும் பிரேக்கை மிதித்திருப்பார்கள். மாஸ்டர் "பிரேக்" என்று கத்தினார்.

(இதை நம்ப மாட்டீர்கள். என் மனைவியும் நம்பவில்லை. "பேசாம ரெண்டு பேரையும் சம்பந்தி ஆக்கிடுங்க, அதையாவது நம்பலாம்" என்றாள். நான் அசையவில்லை.)

வேனின் ஜன்னல் திறந்திருந்தது. கேக் அக்கா கேக்கைப் பார்த்தபடியே இன்னும் ஒரு நொடியில் கடந்து போயிருப்பார். ஆனால் மாதக்கணக்கில் அந்தக் குரலுக்கு நடுங்கிய கால் அது. தானாகவே மிதித்தது. நாற்சந்தியின் நட்டநடுவில், மாஸ்டரின் காருக்கு நேர் முன்னால், வேன் கல்லாக நின்றது. பயிற்சியில் ஒருநாள்கூட கேக் அக்கா அவ்வளவு சுத்தமாகப் பிரேக் போட்டதில்லை.

5.

"நடு ரோட்டுல ஏன்க்கா நின்னீங்க?"

"நீங்கதான பிரேக்குன்னு கத்தினீங்க."

"அது நான் எனக்குச் சொன்னது."

"அப்போ நீங்கதான் போட்டிருக்கணும். நான் போட்டேன்."

மாஸ்டருக்குத் தொழில் ஞாபகம் வந்தது. "திரும்புறதுக்கு முன்னாடி பாக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"பாத்தேனே."

"எதை?"

"கேக்கை." கேக் அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "சரி, நீங்க என்ன வேகத்துல வந்தீங்க?"

மாஸ்டர் தன் காரின் நசுங்கிய மூக்கை ஆராயத் தொடங்கினார். விபத்தில் தவறு அவருடையது என்று ஆகிவிட்டால், பயிற்சிப் பள்ளியில் அந்தப் பக்கத்து இருக்கை போய்விடும். கேக் அக்காவுக்கு அது தெரியும். சாவி விஷயம் மாஸ்டருக்கும் தெரியும். வேன் கிடைத்ததுமே கேக் அக்கா அவரைக் கூப்பிட்டு எல்லாம் சொல்லியிருந்தார்.

6.

போக்குவரத்துக் காவலர் வந்துவிட்டார். "யார் மேல தப்பு?"

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

கேக் அக்கா பழியை ஏற்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, கிழித்துப் போட்டேன். விட்டுக்கொடுக்க எப்போதும் ஒரு அம்மாள்தானா? தவிர, நாளைக்கும் மாஸ்டர் சாப்பாட்டுக்குப் பறப்பார்.

மாஸ்டர் ஏற்கிறார். கௌரவமான முடிவு. ஆனால் கேக் அக்கா நாளைக்கும் கேக்கைப் பார்த்தே திரும்புவார். எதிரே சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பெண்...

அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

மூன்றாவது முடிவில் இருவரும் ஒரே குரலில், "ஒரு நாய் குறுக்க வந்துச்சு சார்" என்றார்கள். "என்ன கலர்?" என்றார் காவலர். "கருப்பு" என்றார் மாஸ்டர். "வெள்ளை" என்றார் கேக் அக்கா.

காவலர் பெருமூச்சு விட்டார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

"ஆளுக்குப் பாதின்னு சொல்லிடலாம்க்கா" என்றார் மாஸ்டர்.

"எப்படி மாஸ்டர் பாதி? நீங்க மெதுவா வந்திருந்தா இடிச்சிருக்காது. நான் ரோட்டைப் பாத்திருந்தாலும் இடிச்சிருக்காது. ஆளுக்கு முழுசுதான்."

இதை நான் எழுதத் திட்டமிடவில்லை. அவராகச் சொன்னார்.

7.

காவலர் திரும்பி வந்தார். இவர்கள் இருவரையும் நம்பி இனிப் பயனில்லை என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. "நேர்ல பாத்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்.

நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் வந்தேன். வேகத்தையும் கேக்கையும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள் ஒருவர்தான். காவலர் இப்போது உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறார், பேனாவின் மூடியைக் கழற்றியபடி.

அவருக்குப் பின்னால் மாஸ்டர், வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார். கேக் அக்கா வேன் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சொல்லுங்கள் என்று தலையை ஆட்டுகிறார்.