பத்தாவது ஃபாரம்

கல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதையில் ரேபா நந்தியின் புத்தகக் கடை நான்கு பலகை அகலம். அதை ஒட்டினாற்போல் இன்னொரு நான்கு பலகை அவள் தம்பி புல்டுவுடையது. அப்பா போன பிறகு எட்டுப் பலகையை இப்படிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தம்பி பக்கம் பரீட்சை கைடுகள், கூட்டம் நெரியும். அக்கா பக்கம் விஞ்ஞானக் கதைகள் மட்டும்தான். வேறு எதையும் அவள் தொடுவதில்லை.

"அம்பத்திரண்டு வயசாச்சு, இன்னும் செவ்வாய் கிரகத்துக்கு டிக்கெட் வித்துக்கிட்டிருக்கியே திதி," என்பான் புல்டு. அக்காவைத் திதி என்றுதான் கூப்பிடுவான்.

"உங்கிட்ட வாங்கினவன் ரிசல்ட் வந்த அன்னைக்கே எடைக்குப் போடறான். எங்கிட்ட வாங்கினவன் யாராவது போட்டுப் பாத்திருக்கியா?"

"வாங்கினாத்தானே போடறதுக்கு!"

இந்தச் சண்டை முற்றித்தான் பந்தயமானது. அந்த வருடம் ரேபா முதன்முதலாகத் தானே ஒரு நாவலை அச்சடித்தாள். கேனிங் ஊர்ப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி எழுதியது. கடல் ஏறி வந்து கழிமுகத்தை விழுங்கிவிட்ட காலம், மிதக்கும் ஊர், அந்த ஊரின் மதகைக் காக்கும் மொய்னா என்ற பெண். கையெழுத்துப் பிரதியை ரேபா ஒரே மூச்சில் படித்துவிட்டு வெட்கமில்லாமல் அழுதாள். முந்நூறு பிரதி. புத்தகக் கண்காட்சியின் கடைசி நாளுக்குள் முந்நூறும் போகவில்லையென்றால் அவளுடைய நான்கு பலகையும் புல்டுவுக்கு. போய்விட்டால், பலகைப் பேச்சையே அவன் எடுக்கக்கூடாது. டீக்கடைக்காரரைச் சாட்சி வைத்துக் கையடித்துக்கொண்டார்கள்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் ரேபா பைண்டர் மொக்தாரின் பட்டறைக்குப் போனாள். தன் நாவல் கட்டு ஒன்றிலிருந்து ஒரு பிரதியை உருவிக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். மொய்னா மதகின் சக்கரத்தில் கை வைக்கிறாள். அடுத்த பக்கம்: பித்தநீரின் பணிகளை விளக்குக. ஐந்து மதிப்பெண்.

இன்னொன்றை எடுத்தாள். பித்தநீர். பத்துப் பிரதி பார்த்தாள், பத்திலும் பித்தநீர்.

"சாச்சா, என் மொய்னா எங்க?"

மொக்தார் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "புல்டு-பாபுவோட உயிரியல் கைடும் பக்கத்துலதான் இருந்துச்சு. அதுக்கும் பத்து ஃபாரம், உங்களுதுக்கும் பத்து. ரெண்டும் ஒரே காகிதம். பத்தாவது மட்டும் மாறி ஏறிடுச்சு."

பதினாறு பக்கமாக மடித்த தாள் ஒரு ஃபாரம்; பத்தையும் அடுக்கித் தைத்தால் புத்தகம். காகிதமும் ஒரே காகிதம்தான். தம்பியிடம் மிஞ்சிய காகிதத்தை அவள்தான் சிக்கனத்துக்கு வாங்கியிருந்தாள்.

"ஆனா நம்பரோட புத்தகத்துப் பேரும் இருக்குமே?"

"இருக்கும் திதி. எல்லாரும் ஃபாரத்தோட அடியில நம்பர் பக்கத்துல சின்னதாப் பேர் போடுவாங்க. என் பசங்க அதப் பாத்துத்தான் அடுக்குவாங்க, கதையப் படிச்சா அடுக்குவாங்க? உங்களுதுல வெறும் நம்பர்தானே இருந்துச்சு."

ரேபா தலையில் அடித்துக்கொண்டாள். பேர் இருந்தால் பக்கம் அசிங்கமாகத் தெரிகிறது என்று அச்சகத்தில் மல்லுக்கட்டி எடுக்கச் சொன்னவள் அவளேதான். இருபத்தெட்டு வருடம் புத்தகத்தோடு புரண்டவள் செய்கிற வேலையா இது! மறுபடி அச்சடிக்கப் பத்து நாள் ஆகும். அவளுடைய கடைசிப் பதினாறு பக்கமோ புல்டுவின் மூவாயிரம் கைடுகளில் முந்நூறுக்குள் ஏறி, நாற்பது கடைகளுக்குப் போயிருந்தது.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகத் தம்பியிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"நான் கையக் கட்டிக்கிட்டு நின்னாலே ஜெயிச்சிடுவேன், தெரியுமில்ல?" என்றான் புல்டு.

"தாராளமா நில்லு. பரீட்சையில பித்தநீர் தெரியாம முழிக்கற பசங்களோட அப்பன்மாருங்க நாளைக்கு உன்னைத் தேடி வருவாங்க. அப்பவும் இப்படியே நில்லு."

புல்டு செருப்பை மாட்டினான். "எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

அந்தத் தெருவில் எந்தக் கடைக்காரனும் வாங்க வந்தவரிடம் புத்தகம் இல்லை என்று சொல்லமாட்டான். உட்காரவைத்துவிட்டு இன்னொரு கடைக்கு ஓடி எடுத்துவருவான். அந்த ஓடிப் பழகிய கால்கள்தான் அன்று அவளைக் காப்பாற்றின. "உன் கைடுல பித்தநீரா, மொய்னாவா?" என்று கடைக்குக் கடை குரல் போனது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் இருநூற்று அறுபத்தொரு கைடுகள் மொக்தாரின் பட்டறைக்கு வந்துவிட்டன. கூலி பேசாமல் அவர் நூலை அறுத்து, ஃபாரத்தை மாற்றி, மறுபடி தைத்தார்.

"மிச்சம் முப்பத்தொம்பது பசங்க கைக்குப் போயிடுச்சு," என்றான் புல்டு, பட்டியலைப் பார்த்தபடி. "அந்த முப்பத்தொம்பது நாவலும் குப்பைதான். ஆனா பந்தயம் பந்தயம்தான், திதி."

"முந்நூறுன்னா முந்நூறு," என்றாள் ரேபா. அட்டை ஒன்றில் பெரிதாக எழுதிக் கடை முன்னால் தொங்கவிட்டாள்: உயிரியல் கைடில் கதை வந்தவர்கள் இங்கே வரவும்.

"என் மானத்த வாங்கறியே!" என்று புல்டு கத்தினான்.

கண்காட்சி தொடங்கிய அன்று காலை, அவள் கிளம்புகிற நேரத்துக்குப் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். கையில் கைடு. புல்டு பதறிப்போய் நல்ல கைடு ஒன்றை நீட்டினான். அவள் தன் கைடை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம் அங்கிள். மொய்னா எதுக்கு அவங்க அம்மாவ மதகுக்கு வெளிய நிக்கவெச்சா? முன்னாடி என்ன ஆச்சு? அது எங்க கிடைக்கும்?"

"பரீட்சைக்கு மூணு வாரம்கூட இல்ல. பித்தநீர் வேணாமா?" என்றான் புல்டு.

ரேபாவின் மூளையில் அப்போதுதான் விளக்கெரிந்தது. குப்பையென்று ஒதுக்கிய முப்பத்தொன்பது நாவலில் ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். முன்னால் மொய்னாவின் கதை ஒன்பது ஃபாரம், கடைசியில் பித்தநீர். கைடில் பித்தநீர் இல்லை, மொய்னாவின் முடிவு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எதுவும் குறையாது. புரட்டிப் பார்த்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். வாங்கிக்கொண்டு போய் வகுப்பு முழுக்கச் சொன்னாள்.

பித்தநீர் ஏறிய மிச்சப் பிரதிகளைப் புல்டுவின் பொறுப்பில் விட்டுவிட்டு ரேபா பன்னிரண்டு நாள் கண்காட்சியில் நின்றாள். போகிறவர் வருகிறவரை மறித்து, தொண்டை கட்டக் கட்ட மொய்னாவைப் பற்றிப் பேசினாள். கடைசி நாள் மாலை இருநூற்று அறுபத்தொன்றும் தீர்ந்தது. பஸ் பிடித்துக் கடைக்கு ஓடிவந்தாள்.

"இங்க எத்தனை போச்சு?"

"முப்பத்தெட்டு. எல்லாம் அந்த கைடுப் பசங்கதான்." புல்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையில் ஒற்றைப் பிரதி கிடந்தது.

ஒன்று. ஒரே ஒன்று! ஆனால் சொன்ன சொல்லை விழுங்குகிறவள் இல்லை அவள். கயிற்றை எடுத்துத் தன் புத்தகங்களை அடுக்கிக் கட்ட ஆரம்பித்தாள். இரண்டு கட்டு ஆயிற்று.

"நிறுத்து திதி," என்றான் புல்டு. தான் உட்கார்ந்திருந்த மெத்தையைத் தூக்கி அடியிலிருந்து ஒரு கைடை எடுத்தான். கடைசிப் பக்கங்களில் எண்ணெய்க் கறை, அரிசிப் பொரியின் துணுக்குகள். "பசங்ககிட்ட போனது முப்பத்தெட்டுதான். இது தேடினப்பவே கிடைச்சது. சும்மா புரட்டினேன். அப்புறம் குடுக்க மனசு வரல."

ரேபா கயிறும் கையுமாக நின்றாள்.

"அந்தம்மா ஏன் வெளிய நிக்கறான்னு தெரியாம ரெண்டு வாரமாத் தூக்கம் இல்ல. அந்த ஒண்ணைக் குடு."

"விலை பின்னட்டையில இருக்கு," என்றாள் ரேபா, கட்டை அவிழ்த்துக்கொண்டே.