உபரிப் படிப்பு

செல்வப்பிரியாவுக்கு அந்த எண் இடித்தது.

தமிழ்நாட்டு எல்லையோரக் கேரளப் பஞ்சாயத்து அலுவலகத்தில் தினக்கூலி அடிப்படையில் கணினி வேலை பார்ப்பவள் அவள். திட்ட அறிக்கைக்காக வார்டு வாரியாகப் புள்ளிவிவரங்களை அடித்துக்கொண்டிருந்தாள். மாட்டுச் சந்தை கூடும் வேலந்தாவளம் சந்திப்பை ஒட்டிய வார்டில் சிறு கடைகள் இரண்டு மடங்காகியிருந்தன. அரசுச் சம்பளம் வரும் வீடுகளோ மிகக் குறைவு. அந்தப் பக்கத்துக்காரியான அவளுக்கு இவை இரண்டும் தெரிந்த சங்கதிதான். அடுத்த வரியில்தான் கை நின்றது. அங்குள்ள தமிழ்வழிப் பள்ளியில் பிளஸ் டூ படிப்பவர்களில் கல்லூரிக்குப் போக விரும்புகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

இதை நம்பித்தான் செயலாளர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான இலவசப் பயிற்சி வேறு வார்டுக்கு மாற்றப்படும். இங்கே தையல் பயிற்சி போதும்.

செல்வப்பிரியா புதுக் கடைகளின் விவரத்தை மறுபடி பார்த்தாள். டீக்கடை, தீவனக் கடை போக, மிச்சத்தில் பெரும்பாலானவை ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. மாட்டுச் சந்தைக்கு ஜெராக்ஸ் எதற்கு?

பக்கத்து மேசை டின்சியிடம் கேட்டாள். பள்ளிகளுக்குப் போய்க் கணக்கெடுத்து வந்தவள் அவள்தான். இடுக்கிப் பக்கத்து உடும்பஞ்சோலையைச் சேர்ந்த மலையாளி, ஏலத்தோட்டத்தில் தமிழ் பேசுகிறவர்களோடு வளர்ந்ததால் தமிழ் நன்றாக வரும் என்று அவளையே எல்லாத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் அனுப்பியிருந்தார்கள்.

"கை தூக்கச் சொல்லித்தான் எண்ணினேன் செல்வி. மூணே பேர். எனக்கே கஷ்டமாப் போச்சு" என்றாள் டின்சி.

அன்று சாயங்காலம் இருவரும் டின்சியின் ஸ்கூட்டரில் சந்திப்புக்குப் போனார்கள். சந்தை முடிந்து மாடுகள் சாலையை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. தனபாலின் ஜெராக்ஸ் கடைக்கு முன்னால் நிற்க இடமில்லை.

"ஏனுங்கண்ணா, இத்தன ஜெராக்ஸ் கடை எப்படி ஓடுதுங்க?" என்று கேட்டாள் செல்வப்பிரியா.

"பள்ளிக்கூடப் புள்ளைகதானுங்க" என்றார் தனபால், இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் உடாம அப்ளிகேசன் போடறாங்க. பாலக்காட்டுக்குந்தான். மே மாசம் பாத்தீங்கன்னா எனக்குச் சோறு திங்க நேரமிருக்காதுங்க."

டின்சியும் செல்வப்பிரியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பறம் எங்கிட்ட ஏன் கை தூக்கல?" என்றாள் டின்சி. அவள் குரலில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்குப் போனார்கள். தலைமையாசிரியை சித்ரா, முதல் பீரியடில் கொஞ்ச நேரம் ஒதுக்கித் தந்தார். செல்வப்பிரியா டின்சியின் காதில், "அன்னிக்குக் கேட்ட மாதிரியே கேளு. ஒரு வார்த்தையும் மாத்தாதே" என்றாள்.

டின்சி வகுப்பின் முன்னால் நின்று கேட்டாள். "பிளஸ் டூ முடிஞ்சு உபரிப் படிப்புக்குப் போக யாருக்கெல்லாம் இஷ்டம்?"

மறுபடியும் அதே மூன்று கைகள்.

"மத்தவங்களுக்கு ஏன் இஷ்டமில்ல?" என்றாள் செல்வப்பிரியா.

முதல் பெஞ்சிலிருந்து மௌனிகா என்ற பெண் எழுந்தாள். "சாயங்காலம் நிறுத்தி வெச்சாக் கடைசி பஸ்சு போயிருமுங்க்கா. அவங்க மூணு பேருக்கும் ஊடு பக்கத்துலயே. அவங்க இருப்பாங்க."

"காலேஜுல எதுக்குச் சாயங்காலம் நிறுத்தி வெக்கறாங்க?"

"காலேஜுங்களா?" மௌனிகா விழித்தாள். "உபரின்னா மிச்சந்தானுங்களே. பரீச்சை முடிஞ்சப்பறமும் உக்கார வெச்சு நடத்தற மிச்சப் படிப்பு, ஸ்பெசல் கிளாசுன்னு நெனச்சமுங்க."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. டின்சியின் முகம் சிவந்துவிட்டது. "எங்க மலையாளத்துல உபரிபடனம்னா மேல்படிப்பு. தமிழிலயும் அதுதான்னு நினைச்சேன்" என்றாள். பிறகு அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

செல்வப்பிரியா திரும்பக் கேட்டாள். "சரி, காலேஜுக்குப் போக யாருக்கு ஆசை?"

கைகள் மளமளவென்று உயர்ந்தன. டின்சி எண்ணத் தொடங்கினாள். ஆனால் செல்வப்பிரியா முதல் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மௌனிகாவின் கை மேசைமேலேயே இருந்தது.

"உனக்கு இப்பவும் புரியலயா?"

"புரிஞ்சுதுங்க்கா. எனக்கு நெசமாவே வேண்டாங்க." மௌனிகா மறுபடி எழுந்து நின்றாள். "அப்பா மாட்டு யாவாரமுங்க. ஒரு சந்தைக்குக் கெடைக்கும், அடுத்த சந்தைக்கு ஒண்ணுமிருக்காது. எங்க ஊட்ல மாசமானாச் சம்பளம்னு ஒருத்தரும் வாங்குனதில்லீங்க. நான் கேரளா பி.எஸ்.சி. பரீச்சை எழுதி கவர்மெண்டு வேலைக்குப் போகோணுங்க. படிப்பு அப்பறம் தபால்லயே படிச்சுக்குவன். ஆனா அதை யாரும் கேக்கலீங்களே."

பின் பெஞ்சில் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு ஒரு பையன், "எனக்குந்தானுங்க" என்றான். அவனைத் தொடர்ந்து இன்னும் சில கைகள் இறங்கின.

செல்வப்பிரியா இறங்கிய கைகளைப் பார்த்தாள். கல்லூரிக்குப் போக விருப்பம் உண்டு, இல்லை. படிவத்தில் இந்த இரண்டு கட்டத்தைத்தான் அவளும் இத்தனை வருடமாக நிரப்பிவந்தாள். 'இல்லை' என்பதற்குள் யார் இருக்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை.

செயலாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு வார்த்தைக்காகவா அறிக்கையைத் திருத்தச் சொல்றீங்க?" என்றார். டின்சி முன்னால் வந்து, "பிசகு என்னோடது சார். எல்லாத் தமிழ்ப் பள்ளியிலயும் இப்படியேதான் கேட்டேன். திரும்பப் போய்க் கேட்டுட்டு வரேன்" என்றாள். சொன்னபடியே போனாள், இந்த முறை செல்வப்பிரியாவும் கூடப் போனாள். எல்லாப் பள்ளியிலும் எண் தலைகீழாக மாறியது. எல்லாப் பள்ளியிலும் மௌனிகாவைப்போல் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கென்று அறிக்கையில் செல்வப்பிரியா ஒரு தனி வரி சேர்த்தாள்.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி அதே வார்டிலேயே நடக்கும் என்று முடிவானது. அரசுப் பணிக்கான பி.எஸ்.சி. தேர்வுப் பயிற்சியைச் சனிக்கிழமை காலையில் மட்டும், சோதனையாக நடத்திப் பார்க்கலாம் என்றார்கள்.

முதல் சனிக்கிழமை பி.எஸ்.சி. வகுப்புக்குக் கூடத்தைத் திறந்துவிடும் வேலை செல்வப்பிரியாவுக்கு. பிளஸ் டூ பிள்ளைகள் வருவார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். தீவனக் கடையில் மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். மௌனிகா முன்வரிசையில் இடம்பிடித்தாள்.

"அக்கா, நீங்க எந்த வருசம் எழுதுனீங்க?" என்று கேட்டாள்.

"நான் எழுதவேயில்லையே. தினக்கூலிதான்."

"ஏனுங்க எழுதல?"

செல்வப்பிரியாவிடம் இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆசிரியர் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். அவள் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மௌனிகா நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தாள்.