ஆல்டர்க்ளஃப் நடுவர்

குளிர்காலத்தில் கிரிக்கெட் இல்லாமல் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று சொல்லித்தான் சைலஸ் கார்சைடும் அவன் கூட்டாளி ஜேபஸும் தங்கள் ஊரான ஆல்டர்க்ளஃபில் கால்பந்துக் கழகத்தைத் தொடங்கினார்கள். சனிக்கிழமை பஞ்சாலை விட்டதும், மேய்ச்சல் நிலத்து ஆடுகளை விரட்டிவிட்டு ஆடுவார்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் அதே பீர், அதே சிரிப்பு.

பிறகு கோப்பைப் போட்டி வந்தது. கூடவே ஆசையும் வந்தது. கிளாஸ்கோவிலிருந்து மக்ரே என்பவனை வரவழைத்தார்கள். ஆலை வேலை பேருக்குத்தான், ஆள் வந்தது பந்தடிக்க என்று ஊருக்கே தெரியும். அவன் ஓடுவதைப் பார்த்த அன்றே அணித்தலைவன் சைலஸுக்குப் புரிந்துவிட்டது. பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது தன் பெயரை விட்டுவிட்டு அவனைப் போட்டான்.

"பைத்தியமாடா உனக்கு? நாம ஆரம்பிச்ச கிளப்புடா இது!" என்றான் ஜேபஸ்.

"அதனாலதான்டா. அது ஜெயிக்க வேணாமா?"

அந்தக் காலத்தில் ஒவ்வோர் அணியும் தன் பங்குக்கு ஒரு நடுவரை நிறுத்த வேண்டும்; இருவரும் குச்சியைத் தூக்கினால் தவறு, ஒருவர் மட்டும் தூக்கினால் பொது மத்தியஸ்தர் முடிவு சொல்வார். அரையிறுதியில் ஆல்டர்க்ளஃப் பக்கம் குச்சியும் கையுமாக சைலஸ் நின்றான்.

மழை, முழங்கால் சேறு, அணிக்கொரு கோல். கடைசியில் மக்ரே பந்தின் மேல் எகிறிப் பாய்ந்தான். பந்து உள்ளே போய்விட்டது. ஊர்க்காரர்கள் தொப்பிகளை வீசினார்கள். "கையில பட்டுச்சு!" என்று எதிரணி கத்தியது. அவர்கள் நடுவர் உடனே குச்சியைத் தூக்கினார். சைலஸ் சும்மா இருந்திருந்தால் போதும்; தீர்ப்பு பொது மத்தியஸ்தரிடம் போகும், ஆட்கள் மறைத்ததில் அவர் ஒன்றும் பார்த்திருக்கவில்லை, கோல் நின்றிருக்கும். ஆனால் பந்து மணிக்கட்டில் பட்டதை சைலஸ் கண்ணால் கண்டிருந்தான்.

குச்சியைத் தூக்கினான். கோல் செல்லாமல் போனது. சற்று நேரத்தில் எதிரணி ஒரு கோல் போட்டு ஜெயித்தது.

"வயித்தெரிச்சல்டா உனக்கு. உன் இடத்துல அவன் ஆடுறான்ல," என்று மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் ஜேபஸ் சொன்னான்.

வரும் வழியெல்லாம் சைலஸும் தன்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

மக்ரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பட்டது நெசம்தான் கேப்டன். நீங்க தூக்கலன்னா நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

"இதே ஜேபஸ் கையில பட்டிருந்தா நான் தூக்கியிருப்பேனா?"

"அது எனக்கெப்படித் தெரியும்?" என்றான் மக்ரே. "உங்களுக்கே தெரியலையே."

வசந்தம் வரைக்கும் ஜேபஸ் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் அடுத்த பருவத்துக்கு நடுவர் யார் என்று கேட்டபோது முதலில் எழுந்தவன் அவன்தான்.

"சைலஸையே போடுங்க. பாத்தா பாத்ததச் சொல்லித் தொலைப்பான்," என்றான். யாரோ சிரித்தார்கள். ஜேபஸ் சிரிக்கவில்லை, ஆனால் உட்காரும்போது, அத்தனை நாற்காலி காலியாக இருக்க, சைலஸுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.