இரட்டிப்பு நிதியும் லிஃப்ட்காரரும்

காய்ந்த படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கேட்டாள்.

“ஏங்க, மார்க்கெட் நூறுல இருந்து தொண்ணூறுக்கு இறங்குது. மறுநாள் திரும்ப நூறுக்கே வந்துடுது. தினமும் அதைவிட ரெண்டு மடங்கு ஏறி இறங்குற ஃபண்டு ஒண்ணு. அதுல நூறு போட்டிருந்தா இப்ப எவ்வளவு இருக்கும்?”

லிஃப்ட் மெக்கானிக்கான அவர் யோசிக்கவே இல்லை. “பத்து மாடி இறங்கினா என்ன, இருபது மாடி இறங்கினா என்ன? திரும்பி வந்தா அதே மாடிதானே!”

அவள் விரிப்பைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். “லிஃப்ட் இல்லீங்க இது! முதல் நாளே எண்பதாயிடுச்சு. மறுநாள் மார்க்கெட் ஏறினது பதினொரு சதவீதம். ரெண்டு மடங்குன்னா இருபத்திரண்டு. ஆனா அது எண்பதுக்குத்தானே? தொண்ணூத்தெட்டைக்கூடத் தொடாது.”

“அப்ப மிச்சம் எங்கம்மா போச்சு?”

“வாங்குறவங்களும் இதைத்தான் கேப்பாங்க. பணம் போட்டப்புறம்.”

பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில், புதிதாக விற்பனைக்கு வரும் ஒவ்வொன்றும் எளியதா சிக்கலானதா என்று தரம் பிரிப்பது அவள் வேலை. சிக்கலானது என்றால், வாங்குகிறவர் முதலில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவள் பெயரைப் பார்த்து ஏமாறுகிறவள் அல்ல. உள்ளே இருப்பதைத் துருவிப் பார்த்த பிறகு, கடைசியாகக் கணவரிடம் கேட்பாள். “உங்களை மாதிரி தெம்பா தப்பு சொல்ல யாரு இருக்கா?” என்பாள். அந்தக் கிண்டலில் அவருக்கு ஒரு பெருமை.

மறுநாள் காலை, அலுவலகப் பேருந்திலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது.

துக்கம் கேட்க வந்த மேலதிகாரி, நாற்காலி நுனியில் உட்கார்ந்து வெகுநேரம் தயங்கினார்.

“தப்பா நினைக்காதீங்க. அந்த ரெண்டு மடங்கு ஃபண்டு, அந்த இ.டி.எஃப்., அதோட முடிவு மட்டும் பாக்கி. பங்கு மாதிரியே சந்தையில வாங்கி விக்கிறது, அந்தக் கம்பெனியோட மத்த ஃபண்டு எல்லாம் எளியதுதான்னு விற்பனைக்காரங்க உயிரை எடுக்கறாங்க. எளியதுன்னே கையெழுத்து போட்டுடலாம்னு இருக்கேன். அவங்க ஏதாவது சொன்னாங்களா?”

அவள் சொன்னதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று கணவருக்குப் பயம். எழுந்து நின்றுதான் சொல்ல முடிந்தது. லிஃப்டில் ஆரம்பித்து எண்பதுக்கு வந்தார்.

“அன்னிக்கே இன்னொண்ணும் சொன்னா. உள்ள பங்கே இல்லையாம் சார். ஒரு வங்கியோட போட்ட ஒப்பந்தம்தானாம். அந்த வங்கி கைவிரிச்சா என்ன ஆகும்னு அவளுக்குக் கவலை.”

மேலதிகாரி கைப்பேசியில் கணக்கைப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் போட்டார்.

“எங்களையும் இப்படித்தான் மடக்குவாங்க,” என்றார். “போடவே மாட்டேன் சார், அந்தக் கையெழுத்தை.”

விற்பனைக்காரர்கள் குதிகுதியென்று குதித்ததாகக் கணவர் பிறகு கேள்விப்பட்டார்.

இன்றும் அந்த நிதியை வாங்கப் போனால், திரையில் முதலில் கேள்விகள்தான் திறக்கின்றன.