கன்வாஸுக்குள் ஏழு புள்ளிகள்

வலது தோள்பட்டை அன்று காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் அலுமினியத் தகடுகளைக் கம்பியில் மாட்டி இறக்கியதில் வந்த வலி. தகட்டில் குறை பார்க்கும் பார்வைத் தொட்டிக்கு மாற்றிய பிறகு கொஞ்சம் தணிந்திருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மட்டும் உயிர் போனது. அதனால்தான் பிரேமலா இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேலை பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில் அந்தத் தொழிற்சாலையில் தகடுகளை அமிலத்தில் இறக்கி மின்சாரம் விடுவார்கள். அலுமினியத்தின் மேல் கெட்டியாக ஒரு தோல் படியும். ஒவ்வொரு லாட் சரக்கிலிருந்தும் ஒரு தகட்டைச் சின்னத் தொட்டியில் இறக்கி மின்சாரம் விட்டு, பிரேமலா கறுப்புக் கன்வாஸைப் போர்த்திக்கொண்டு குனிவாள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிஷம் ஆகும். அப்புறம் தகடு மங்கலாக ஒளி விடும். தோல் சீராக இருந்தால் ஒளியும் சீராக இருக்கும். குறை இருக்கிற இடத்தில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி பளிச்சென்று எரியும்.

அன்று புள்ளிகள் எரிந்தன. ரிஜெக்ட் என்று எழுதினாள்.

வெயிலில் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்த மேனேஜர் ஐயாசாமி நேரே அவளிடம் வந்தார்.

“இந்த மாசத்துல இது மூணாவது. மூணு மணிக்கு சிங்கப்பூர் லாரி கிளம்பணும். உங்க கண்ணுதான் ரிஜெக்ட் ஆயிருச்சு போல.”

“இன்னொரு தகடு போடுறேன். நீங்களே பாருங்க பாஸ்.”

அவர் கன்வாஸுக்குள் தலையை விட்டார், அரை நிமிஷத்தில் வெளியே எடுத்தார். “ஒண்ணும் தெரியல லா.”

“வெயில்லேருந்து வந்திருக்கீங்க. பத்து நிமிஷம் இருக்கணும்.”

“எனக்கு ஏது நேரம்? வேற யாருக்குப் பார்க்கத் தெரியும்?”

“சந்திரமதிக்கு.”

சந்திரமதி கழுவும் தொட்டிக்காரி. காரத்தில் அரித்த தகட்டில் கறுப்பாக ஒரு படிவு நிற்கும். அதை இன்னோர் அமிலத்தில் முக்கிப் போக்குவது அவள் வேலை; மிச்சம் நின்றால் மேலே படியும் தோலில் குறை விழும். பதினொரு வருஷமாகக் கம்பெனி வேனில் பிரேமலாவுக்குப் பக்கத்து சீட்டு. பிரேமலா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அவள் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போட்டதும், இந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டதும் சந்திரமதிதான்.

இருவரும் ஒரே கன்வாஸுக்குள் குனிந்தார்கள்.

“என்ன எண்ணெய்டி தேய்க்கிறே? ஆசிட் வாசமே தேவல.”

பிரேமலா சிரித்தாள். மெல்ல ஒளி வந்தது.

“ஒண்ணு… மூணு… அந்த ஓரத்துல ரெண்டு…” சந்திரமதியின் குரல் இறங்கியது. “ஏழு இருக்குடி.”

“காலையில சரியா முக்கினியா?”

“ரெண்டு தடவ முக்கணும். நேரமில்லன்னு ஒரு தடவையோட தூக்கிட்டேன்.”

“பரவால்ல, சொல்லிரலாம். தோலை உரிச்சுட்டுத் திரும்பக் கழுவினா தீர்ந்துச்சு.”

“ம்.”

வெளியே வந்தார்கள். சந்திரமதி கண்ணைக் கசக்கினாள்.

“எத்தனை?” என்றார் ஐயாசாமி.

“ஒண்ணுமில்ல பாஸ். நல்லாத்தான் இருக்கு.”

பிரேமலா அவள் முகத்தைப் பார்த்தாள். சந்திரமதி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏழுன்னு நீதானேடி எண்ணினே?”

“நீ எண்ணினே. நான் சும்மா ம் போட்டேன்.”

ஐயாசாமிக்கு அது போதுமாக இருந்தது. “நாளையிலிருந்து நீங்க பழையபடி தகடு மாட்டுற பக்கம் போயிருங்க. சந்திரமதி இதைப் பார்த்துக்கட்டும்.” சந்திரமதி வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் வேனில் அவள் வழக்கம்போல் சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். “சொல்லியிருந்தா என்னைத் தூக்கியிருப்பான்டி. எனக்கும் பிள்ளைங்க இருக்கு.”

“எனக்கு இல்லையா?” என்று கேட்டுவிட்டு பிரேமலா டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மூன்று வாரத்தில் சரக்கு சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தது, மேலெல்லாம் பொத்தல் பொத்தலாக. ஐயாசாமி அலுமினியம் விற்றவனைத் திட்டினார். சந்திரமதி பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

ஐயாசாமி முன்னால் நின்று, “பிரேமலா சொன்னது சரி, நானும் பார்த்தேன்” என்று சொல்ல வேண்டிய கடன் சந்திரமதிக்கு இருக்கிறது. அதை அவள் இன்னும் தீர்க்கவில்லை.